நூல் பிடித்தாற்போல் ஒரு ஸ்ட்ரோக்

சென்ற மாதம் இந்தப் பகுதியில், கியூ என்ற நீளக் கோலால் பந்தை அடித்துக் குழியில் விழச் செய்யும் பூல் ஆட்டத்துக்கு, மேசை இல்லாத வீட்டிலும் ஸ்ட்ரோக்கை, அதாவது கியூவைப் பின்னால் இழுத்து முன்னால் விடும் கை வீச்சை, நேராக்கிவிடலாம் என்று நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகளுக்கு வந்த கடிதங்கள் என் மேசையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. இம்முறை வேறு எதையும் தொடாமல் அந்தக் கட்டிலிருந்தே எடுத்துப் பதில் சொல்கிறேன்.

அம்மா, வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் எனக்கு மேசை கிடைக்கிறது. மற்ற ஆறு நாளும் கியூ அலமாரியில் தூங்குகிறது. வீட்டில் உருப்படியாக என்ன செய்ய முடியும்?
— கல்லூரி மாணவர் ஒருவர்

தம்பி, என் முதல் மூன்று ஆண்டுகளும் இப்படித்தான் போயின. வாரத்துக்கு ஒரு மாலை மேசை. மீதி நாட்களில் சாப்பாட்டு மேசை. அதனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை, வாழ்த்தத்தான் தோன்றியது. பந்து இருக்கும் இடத்தில் நம் கண்ணும் மனமும் பந்தின் பின்னாலேயே ஓடிவிடும். உள்ளே விழுந்தால் எல்லாம் சரி என்று நினைப்போம், விழாவிட்டால் குறி தவறியது என்று நினைப்போம். கை என்ன செய்தது என்று யாரும் பார்ப்பதில்லை. பந்து இல்லாத வீட்டில் பார்ப்பதற்குக் கையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

முதலில் உயரம். போட்டி மேசைகளில் பந்து உருளும் பரப்பு தரையிலிருந்து 74 முதல் 79 செ.மீ. வரை உயரத்தில் இருக்கும். சாதாரண சாப்பாட்டு மேசை ஏறக்குறைய 75 செ.மீ. ஆக, வீட்டில் உள்ள மேசையே போதும். மேலே ஒரு கெட்டியான துணியை இழுத்து விரித்து, ஓரங்களைக் கீழே மடித்துக் கட்டிவிடுங்கள். வழுக்கும் பரப்பில் கையை ஊன்றிப் பழகினால் விரல்கள் தேவையில்லாமல் இறுகும்.

அடுத்தது பெரும்பாலோர் கவனிக்காதது. உண்மையான பூல் மேசையில் ஓரத்தில் குஷன், அதாவது பந்து மோதித் திரும்பும் ரப்பர் விளிம்பு, இருக்கிறது. அதன் மூக்கு, அதாவது முன்னே நீண்ட முனை, பந்தின் உயரத்தில் சுமார் 63 சதவீதம், அதாவது ஏறக்குறைய 3.6 செ.மீ. அந்தக் குஷனைத் தாண்டி வரவேண்டியிருப்பதால் கியூ எப்போதும் சற்றே சரிந்துதான் நிற்கும். சாப்பாட்டு மேசையில் அந்தத் தடை இல்லாததால் கியூவின் அடிப்பகுதி (பின்முனை) தாழ்ந்துவிடும். ஒரு மாதம் அப்படிப் பழகிவிட்டு உண்மையான மேசைக்குப் போனால் தோள் வேறு உயரத்தில் நிற்கும், பழகியதெல்லாம் அந்நியமாகிவிடும். எனவே மேசையின் விளிம்பில், கியூ கடக்கும் இடத்தில் 4 செ.மீ. தடிமனுள்ள ஒரு புத்தகத்தைப் படுக்க வையுங்கள். அதுதான் உங்கள் குஷன். கியூ அதை உரசாமல் மேலே போகவேண்டும்.

இனி நூல். ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான வெள்ளை நூலை மேசையின் மேல் இழுத்து இரு முனைகளையும் நாடாவால் ஒட்டுங்கள். பிரிட்ஜ் கையை, அதாவது முன்னால் கியூவைத் தாங்கும் கையை, நூலின் மேல் ஊன்றி, கியூவை நூலுக்கு நேர் மேலே கொண்டு வாருங்கள். டிப்புக்கு (கியூவின் நுனிக்கு) முன்னால் அரை மீட்டர் நூலாவது தெரியவேண்டும். இப்போது மெல்லப் பின்னால் இழுங்கள், மெல்ல முன்னால் விடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து வினாடிகள். வேகமான ஸ்ட்ரோக்கில் ஒளிந்துகொள்ளும் கோணல் இந்த மெதுவான ஸ்ட்ரோக்கில் ஒளிய இடமில்லாமல் வெளியே வந்துவிடும்.

கண் நேர் மேலே இருந்தால் கியூ தன் அடியில் உள்ள நூலை முழுதும் மறைத்துவிடும். சற்று விலகியிருந்தால் நூல் ஒரு பக்கமாக எட்டிப் பார்க்கும். அதற்காக உடனே தலையை மாற்ற வேண்டாம். சிலருடைய பார்வைக்கு நேர் என்பது மூக்குக்கு நேராக இருக்காது, ஒரு கண்ணின் பக்கமாகச் சற்றுத் தள்ளியிருக்கும். நூல் எங்கே தெரிகிறது என்பதைவிட, ஸ்ட்ரோக் முழுவதும் அதே இடத்தில் தெரிகிறதா என்பதைப் பாருங்கள். நடுவழியில் இடம் மாறினால் கியூ அசைந்திருக்கிறது, அல்லது தலை அசைந்திருக்கிறது. இரண்டுமே குற்றம்தான்.

நேராக வந்த ஒரு நாளில், நின்ற இடத்திலேயே இரு பாதங்களைச் சுற்றியும் தரையில் நாடா ஒட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். கோணல் பெரும்பாலும் கையில் பிறப்பதில்லை, காலில் பிறக்கிறது. இடுப்பு வழியை மறித்தபடி நின்றுவிட்டு, கை நேராகப் போகவில்லையே என்று வருந்திப் பயன் இல்லை.

படுக்க வைத்த பாட்டிலின் வாய்க்குள் கியூவை விட்டு எடுக்கும் பாட்டில் பயிற்சி என்று எழுதியிருந்தீர்கள். செய்து பார்த்தேன். பத்தில் ஏழு முறை டிப் பாட்டிலின் வாயில் இடது விளிம்பைத் தொடுகிறது. நான் வலது கையால் ஆடுபவள். கை நடுங்குகிறதா?
— அலுவலகம் முடிந்து இரவில் பயிற்சி செய்யும் வாசகி

நடுக்கம் இல்லை, சகோதரி. நடுங்கும் கை இருபுறமும் தொடும். நீங்கள் எப்போதும் ஒரே பக்கம் தொடுகிறீர்கள்; அது ஒழுங்கான தவறு. ஒழுங்கான தவறைக் கண்டுபிடிப்பது எளிது.

பாட்டிலைப் பற்றி மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். காலியான அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்தால் அதன் வாயின் மையம் மேசையிலிருந்து 3 செ.மீ.-க்குச் சற்று மேலே நிற்கும். பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ.; அதன் மையம் 2.86 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால்தான் இந்தச் சாதாரணப் பாட்டில் நமக்கு இவ்வளவு உதவுகிறது. வாயின் உட்புறம் ஏறக்குறைய 2 செ.மீ. அகலம். பூல் கியூவின் டிப் பொதுவாக 12 முதல் 13 மி.மீ. ஆக, இருபுறமும் மூன்றரை, நான்கு மி.மீ. இடம்தான் மிச்சம். பாட்டில் உருளாமல் இருபுறமும் ஒரு புத்தகம், கழுத்துக்கு அடியில் மடித்த சிறு துணி. கியூ சற்றுச் சரிந்து வருவதால் பாட்டிலின் வாயும் அதற்கேற்ப ஒரு சிறிது நிமிர்ந்திருக்க வேண்டும். டிப்பை வாய்க்கு 2 செ.மீ. முன்னால் நிறுத்தி, உள்ளே ஐந்தாறு செ.மீ. போய் வாருங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். அது உடைவதைவிடவும், உடைந்துவிடுமோ என்ற பயத்தில் கை கெட்டுப்போவதுதான் பெரிய நட்டம்.

இப்போது உங்கள் இடது விளிம்பு. கியூ உங்கள் பிரிட்ஜ் கையில் ஊன்றித் திரும்பும் ஒரு துலாக்கோல். பின்னால் பிடித்திருக்கும் கை வலப்புறம் போனால் முன்னால் டிப் இடப்புறம் போகும். பிரிட்ஜிலிருந்து டிப் வரை 25 செ.மீ., பிரிட்ஜிலிருந்து பிடி வரை 75 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பின்னால் 1 செ.மீ. விலகல் முன்னால் 3 மி.மீ.-க்கு மேல் வந்து சேரும். உங்கள் பாட்டிலில் இருந்த இடம் அத்தனையும் அந்த ஒரு செ.மீ.-யில் தீர்ந்துவிடுகிறது.

ஆகவே உங்கள் பிடி கை, முன்னால் வரும்போது உடலை விட்டு வெளியே இருக்கிறது. ஏன் வெளியே போனது? மூன்று இடங்களில் தேடுங்கள்.

முதலில் இடுப்பு. கியூவைப் பின்னால் இழுத்த நிலையில் அப்படியே நில்லுங்கள். கை இடுப்பையோ விலாவையோ சுற்றிக்கொண்டு போயிருக்கிறதா? அப்படியானால் பாதங்கள் நிற்கும் இடத்தைச் சற்று மாற்றி, இடுப்பைக் கியூவின் வழியிலிருந்து விலக்குங்கள். எனக்கு வந்த கடிதங்களில் பாதிப் பேரின் குறை இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டாவது, முழங்கை. தோள், முழங்கை, மணிக்கட்டு, கியூ எல்லாம் பின்னாலிருந்து பார்க்க ஒரே செங்குத்துத் தளத்தில் இருக்கவேண்டும். கொத்தனார் சுவரின் நேர் பார்க்கத் தூக்குக்குண்டு விடுவாரே, அதே போல ஒரு நூலில் சிறு கனத்தைக் கட்டி, வீட்டில் யாரையாவது உங்கள் முழங்கையில் பிடித்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். டிப் பந்தைத் தொடும் நிலையில் அந்த நூல் உங்கள் முன்னங்கையை ஒட்டி இறங்கவேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் அப்படியே. மூன்றாவது, விரல்கள். பந்தைத் தொடுவதற்குச் சற்று முன் கியூவை நெரிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. நெரிக்கும்போது மணிக்கட்டு திரும்பும், திரும்பினால் டிப்பும் திரும்பும். கியூ விரல்களில் தொங்கவேண்டும். பின்னால் போகும்போது கடைசி மூன்று விரல்கள் தளர்ந்து திறக்கவேண்டும்.

எனக்கும் இதை ஒருவர் காட்டித்தந்தார். மூன்று ஆண்டுகள் ஆடி முடித்து, எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நம்பியிருந்த நேரம். வலப்பக்கம் திரும்பும் பந்துகள் எனக்கு நன்றாக விழும், இடப்பக்கம் திரும்புபவை விழாது. அதற்கு ஏதேதோ காரணம் வைத்திருந்தேன். மூத்த ஆட்டக்காரர் ஒருவர் எதுவும் பேசாமல், தான் குடித்து முடித்த தண்ணீர் பாட்டிலை மேசையில் படுக்க வைத்தார். பத்தில் ஒன்பது முறை தொட்டேன். ஒன்பதும் வலது விளிம்பு. உங்களுக்கு நேர் எதிர்: என் கை முன்னால் வரும்போது மார்பின் பக்கமாக உள்ளே இழுத்துக்கொண்டு வந்தது. மூன்று ஆண்டுகளாக அந்தக் கோணலுக்கு ஏற்றபடி குறியையும் கோணலாகவே வைக்கக் கற்றிருந்தேன் என்பது அன்றுதான் தெரிந்தது. அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து எனக்கு ஒரு வேலை இருந்தது. அதுவரை இருந்ததெல்லாம் ஆசை மட்டும்தான்.

வீட்டில் பாட்டிலுக்குள் இருபதுக்கு இருபது முறையும் சுத்தமாகப் போகிறது. மேசைக்குப் போனால் பழைய கோணல் திரும்பி வந்துவிடுகிறது. அப்படியென்றால் வீட்டுப் பயிற்சியால் என்ன பயன்?
— இரண்டு ஆண்டுகளாக ஆடும் இளைஞர்

இந்தக் கட்டிலேயே மிக நல்ல கேள்வி உங்களுடையது. கோபத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

உங்கள் கைக்கு நேராகப் போகத் தெரியும் என்பதை வீட்டுப் பயிற்சி நிரூபித்துவிட்டது. பயன் அதுதான். நேராகப் போகத் தெரிந்த கை, மேசையில் மட்டும் ஏன் கோணுகிறது? பெரும்பாலும் அது வேண்டுமென்றே கோணுகிறது. நீங்கள் குனிந்தபோது கியூ நின்ற கோடு தவறு. உள்மனம் அதைக் கண்டுகொள்கிறது. கடைசி நொடியில் கையைத் திருப்பிச் சரிசெய்யப் பார்க்கிறது. சில நேரம் சரியாகவும் செய்துவிடும், பந்து விழும். அதனால் அந்தப் பழக்கம் வேர் விட்டுப் போகிறது. பாட்டிலுக்குத் தவறான குறி என்று ஒன்று இல்லை, ஆகவே கைக்குத் திருத்தும் வேலையும் இல்லை.

எவ்வளவு சிறிய தவறைப் பற்றிப் பேசுகிறோம் என்று பாருங்கள். கியூவால் நாம் அடிக்கும் வெள்ளைப் பந்துக்கும் அது போய் மோதவேண்டிய பந்துக்கும் இடையே 1 மீட்டர், அங்கிருந்து குழிக்கு இன்னொரு மீட்டர், எல்லாம் ஒரே நேர்கோட்டில். வெள்ளைப் பந்து கால் டிகிரி விலகிப் போனால் அடிபட்ட பந்து 4 டிகிரிக்குச் சற்று மேல் விலகும். குழியருகே போய்ச் சேரும்போது அது 7 செ.மீ. விலகல். மூலைக்குழியின் வாய் சுமார் 11.5 செ.மீ., பந்து 5.7 செ.மீ.; நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 3 செ.மீ. கூட இடம் இல்லை. கால் டிகிரி என்பது கண்ணுக்கே தெரியாத அளவு. நேரான பந்துதான் எளிது என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். தொலைவிலுள்ள நேரான பந்துதான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

அடுத்த முறை மேசைக்குப் போனதும் ஒரு சோதனை செய்யுங்கள். மேசையின் நீளவாட்டு நடுக்கோட்டில், உங்கள் முனையில் வெள்ளைப் பந்தை மட்டும் வையுங்கள். எதிர்க் குஷனின் நடுப்புள்ளியை நோக்கி நிதானமான வேகத்தில் அடியுங்கள். அடித்த பிறகு கியூவை எடுக்காதீர்கள். டிப் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். பந்து போய் மோதித் திரும்பி வந்து டிப்பைத் தொடவேண்டும். போகும்போதே நடுப்புள்ளியை விட்டு விலகினால் குறியில் தவறு இருக்கலாம். போகும்போது நேராகப் போய், மோதிய பிறகு ஒரு பக்கம் சாய்ந்து வந்தால் நீங்கள் அறியாமல் அந்தப் பக்கத்து ஸ்பின் (சுழற்சி) கொடுத்திருக்கிறீர்கள். டிப் பந்தின் மையத்தில் படவில்லை. இரண்டும் கலந்தும் வரும். பத்து முறை அடித்தால்தான் முகம் தெளியும்.

இன்னொன்று. நேரான ஒரு பந்தை வையுங்கள். குனிந்து, குறி பார்த்து, டிப்பை வெள்ளைப் பந்தின் அருகே நிறுத்தி, கண்களை மூடிக்கொண்டு அடியுங்கள். கண்ணை மூடியபோது பந்து நன்றாகப் போய், திறந்திருக்கும்போது கோணினால் உங்கள் கை குற்றமற்றது, கண் பதறுகிறது. கண்ணை மூடியும் ஒரே பக்கமாகத் தவறினால், குனியும்போதே தவறான கோட்டில் இறங்குகிறீர்கள்.

அதற்கு மருந்தும் வீட்டில்தான். நூலுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நிமிர்ந்து நில்லுங்கள். நூலின் கோட்டைக் கண்ணால் பிடியுங்கள். அந்தக் கோட்டின் மேல் வலது காலை வையுங்கள், பிறகு தலை நேர்கோட்டில் இறங்கும்படி குனியுங்கள். பக்கவாட்டில் வளைந்து வந்து குனியக்கூடாது. கியூ நூலின் மேல் வந்து அமர்ந்ததா என்று பாருங்கள். அமரவில்லையென்றால் கியூவை அசைத்துச் சரிசெய்யாதீர்கள். எழுந்து, பின்னால் போய், மறுபடி வாருங்கள். எழுந்து வருவதற்குச் சோம்பல் வரும், எனக்கும் வந்திருக்கிறது. குனிந்த நிலையில் நெளிந்து சரிசெய்துகொள்வது பத்து விநாடியில் முடியும் வேலை, அதற்கான விலையை மேசையில் பல மாதங்கள் கொடுக்கவேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு முப்பது முறை குனிந்து எழுங்கள், ஸ்ட்ரோக்கே வேண்டாம். மூன்று வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். கட்டாயம் எழுதுங்கள், காத்திருப்பேன்.

கனமான கியூ நேராகப் போகும் என்கிறார் நண்பர். உண்மையா?
— ஒரு வாசகர்

பூல் கியூக்கள் பெரும்பாலும் 510 முதல் 595 கிராமுக்குள் இருக்கும். அந்த எல்லைக்குள் எது உங்கள் கைக்கு இயல்போ அது போதும். கனமான கியூ சிறு அசைவுகளைச் சற்று அடக்கும், ஆனால் கோணலாகப் போகத் தொடங்கிவிட்டால் கோணலாகவே கனத்துப் போகும். கியூ வளையாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு கண்ணை மூடி, அடியிலிருந்து நுனி வரை நீளவாக்கில் பார்த்தபடி மெல்லச் சுழற்றுங்கள். வளைந்த கியூவின் நுனி வட்டம் போடும்.

ஐயா/அம்மா, எனக்கு 66 வயது. முதுகு முன்போல் வளைவதில்லை. முகவாய் கியூவில் படும் அளவுக்குக் குனிய வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் இந்த ஆட்டத்தை விட்டுவிட வேண்டுமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர்

விடவேண்டாம் ஐயா. தயவுசெய்து விடாதீர்கள்.

முகவாய் கியூவில் படவேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. குனிந்தால் கோட்டை நுணுக்கமாகப் பார்க்கலாம், கியூ உரசிப் போகும் உணர்வால் தலை அசையாமல் இருக்கும். குனிவதன் நன்மை இவ்வளவுதான். அந்த இரண்டில் தலை அசையாமல் இருப்பதுதான் உயிர். அதை நிமிர்ந்தும் செய்யலாம். குழிகளே இல்லாத கேரம் பில்லியர்ட்ஸ் ஆடுபவர்கள் பலர் நன்றாக நிமிர்ந்துதான் நிற்கிறார்கள். அவர்களுடைய துல்லியத்துக்கு ஒரு குறையும் இல்லை.

உங்களால் வலியில்லாமல் எவ்வளவு குனிய முடிகிறதோ அந்த உயரத்தைக் கண்டுபிடித்து, தினமும் அதே உயரத்தில் நில்லுங்கள். முன்காலின் முழங்காலை மடக்கினால் முதுகின் சுமை குறையும். எதிரே ஒரு நிலைக்கண்ணாடியை நிறுத்தி, உங்கள் தலை தெரியும் இடத்தில் கண்ணாடியின் மேல் ஒரு சிறு நாடாத் துண்டு ஒட்டுங்கள். ஸ்ட்ரோக் தொடங்கி முடியும் வரை நெற்றி அந்த நாடாவை விட்டு விலகக்கூடாது. ஐந்து நிமிடம் செய்துவிட்டு உட்காருங்கள். பிறகு இன்னொரு ஐந்து நிமிடம். முதுகு வலிக்கத் தொடங்கிய பிறகு எடுக்கும் ஸ்ட்ரோக், வலியைத்தான் பழக்கும்.

ஒரே ஒரு பந்து வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டில் அதை வைத்து என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி

கோடு போட்ட பந்தாக இருந்தால் உங்களிடம் ஒரு நல்ல சோதனைக் கருவி இருக்கிறது. அந்தக் கோடு செங்குத்தாக, உங்களைப் பார்த்து நிற்கும்படி கம்பளத்திலோ விரித்த போர்வையிலோ வையுங்கள். டிப்பில் நன்றாகச் சாக் (டிப் வழுக்காமலிருக்கத் தேய்க்கும் நீலக் கட்டி) தேயுங்கள். ஒரு மீட்டர் தள்ளித் தலையணைகளை அணைபோல அடுக்கி, மெதுவாக அடியுங்கள். பந்தின் எடை 160 கிராம் அளவில் இருக்கும், காலில் விழுந்தால் வலிக்கும். குழந்தைகள் எதிரே நிற்கவேண்டாம். பந்தை எடுத்துப் பாருங்கள். சாக்கின் நீலப்பொட்டு எங்கே விழுந்திருக்கிறதோ அங்கேதான் நீங்கள் அடித்தீர்கள், எங்கே அடித்ததாக நினைத்தீர்களோ அங்கே அல்ல. பொட்டு கோட்டின் நடுவில் இருக்கவேண்டும். துடைத்துவிட்டு மறுபடி.

பொட்டு 3 மி.மீ. வலப்புறம் விழுந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். பந்து வலப்பக்க ஸ்பின்னோடு போவது மட்டுமல்ல, கியூ காட்டிய திசையை விட்டு இடப்பக்கமாகச் சற்று விலகியே புறப்படும். தொலைவான அடியில் அந்த விலகலே போதும். மையத்திலிருந்து பந்தின் ஆரத்தில் பாதி தூரம், அதாவது 14 மி.மீ. போல விலகிவிட்டால் டிப் வழுக்கி மிஸ்கியூ ஆகும்.

டிப்பும் பந்தும் தொட்டிருக்கும் நேரம் ஆயிரத்தில் ஒரு வினாடி அளவுதான் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்குப் பிறகு கியூ முன்னால் நீண்டு போவது பந்தை எதுவும் செய்ய முடியாது. பிறகு ஏன் நேராக நீளவிடு, நேராக நீளவிடு என்று நான் ஓயாமல் சொல்கிறேன்? முடிவில் கியூ நிற்கும் திசை, அதற்கு முன் நடந்ததற்குச் சாட்சி. ஒவ்வொரு ஸ்ட்ரோக்கின் முடிவிலும் இரண்டு வினாடி அப்படியே நின்று அந்தச் சாட்சியைக் கேளுங்கள்.

என் மகளுக்குப் பத்து வயது. என் கியூவையே எடுத்துப் பழகுகிறாள். தவறா?
— ஒரு தந்தை

முழு நீளக் கியூ 147 செ.மீ. அளவில் இருக்கும். பத்து வயதுக் கை அதன் சமநிலைப் புள்ளிக்குச் சற்றுப் பின்னால்தான் எட்டும். அடிப்பகுதி பின்னால் நீண்டு ஆடும், முழங்கை வெளியே போகும். 122 அல்லது 132 செ.மீ. கியூ வாங்கிக் கொடுங்கள். உலக விதிகளின்படியே 101.6 செ.மீ.-க்குக் குறையாத கியூவால் ஆடலாம், எனவே அது பொம்மை அல்ல, உண்மையான கியூதான் என்று அவளிடம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது முக்கியம்.

அவள் பழகும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு முறையும் திருத்தாதீர்கள். பாட்டில் அந்த வேலையைச் செய்யும். தொட்டால் சத்தம் வரும், அவளே கேட்டுக்கொள்வாள்.

ஒரு நாளைக்கு எத்தனை ஸ்ட்ரோக்? நான் முந்நூறு செய்கிறேன்.
— ஒரு வாசகர்

குறையுங்கள். எண்ணிக்கைக்காகச் செய்யும் கடைசி இருநூறில் கவனம் இருக்காது, கவனமில்லாத கை தன் பழைய வழிக்கே போகும். மெதுவான ஸ்ட்ரோக் இருபது, பாட்டிலில் இருபது, நிமிர்ந்து குனிவது முப்பது. பதினைந்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். ஒரு நோட்டில் தேதியும், பாட்டிலைத் தொடாமல் போன எண்ணிக்கையும், தொட்டது எந்தப் பக்கம் என்பதும் மட்டும் எழுதுங்கள். வாரம் ஒருமுறை கைப்பேசியை மேசை உயரத்தில் நேர் எதிரே வைத்துப் படம் பிடித்துப் பாருங்கள். தினமும் வேண்டாம், தினமும் பார்த்தால் தினமும் எதையாவது மாற்றத் தோன்றும்.

நீங்கள் இன்னும் பாட்டில் வைத்துப் பயிற்சி செய்கிறீர்களா?
— மேலே எழுதிய கல்லூரி மாணவரின் தங்கை

செய்கிறேன் கண்ணு. இன்று காலையும் செய்தேன். இருபதில் பதினேழு. மூன்று முறை வலது விளிம்பு, எனக்குப் பழகிய அதே பழைய பக்கம். கீழே பார்த்தபோது வலது கால் தன் இடத்தை விட்டு நகர்ந்திருந்தது. தரையில் ஒட்டியிருந்த நாடா தேய்ந்து உரிந்துபோயிருக்கிறது. இந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டுப் புது நாடா ஒட்டவேண்டும்.